மேல்மாடிக்கு ஒரு வயர்

இராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில், கயிறு, வலை, மிதவை, படகுப் பெயிண்ட் ஆகியவற்றை விற்றுவந்த இராமசுப்பு அண்ணாச்சிக்கு விட முடியாத பழக்கங்கள் இரண்டு இருந்தன. கடையைத் திறந்தது முதல் அடைப்பது வரை கல்லாவை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பது ஒன்று. தம் கடையில் உள்ள எந்தப் பொருள் பழுதானாலும் அதைப் பிறர் கை தொட விடமாட்டார் என்பது மற்றொன்று. பிறர் பேனா வைத்திருக்கும் சட்டைப் பையில் அவர் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பார். தராசு, மின்விசிறி, ஷட்டர் கதவு, எதுவாயினும் தாமே திறப்பார், தாமே மூடுவார். மூடிய பின் சில திருகாணிகள் கையில் மிஞ்சும்.

"கம்பெனிக்காரன் தேவையில்லாம நாலு திருகாணி கூடப் போட்டிருக்கான்" என்று சொல்லி, அவற்றை ஊறுகாய்ப் புட்டி ஒன்றில் போட்டுவைப்பார். புட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. பொருள்களும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன.

கடை கீழே, குடியிருப்பு மேலே. இடையில், ஏறுவோர் மூச்சையும் இறங்குவோர் தைரியத்தையும் சோதிக்கும் ஒரு செங்குத்தான படிக்கட்டு. கடையின் பின்பக்கத்தில் வந்து முடியும் அந்தப் படிக்கட்டின் வழியாகத்தான் அவர் மனைவி சண்முகக்கனி நாள்தோறும் பலமுறை இறங்கி வருவார். கனி பி.காம். படித்தவர். கடையின் கணக்கு முழுவதும் மேல்மாடியிலுள்ள கணிப்பொறியில் அவர் பொறுப்பில் இருந்தது. கீழே மற்றொரு கணிப்பொறியில் பீம்ராவ் என்னும் ஊழியர் பில் போடுவார். கீழேயுள்ள பில்கள் மேலே போக வேண்டும். மேலேயுள்ள விலைகள் கீழே வர வேண்டும். இரண்டையும் ஒரு ஃபிளாப்பித் தட்டில் அடைத்துக் கனியே கொண்டுவருவார், கொண்டுபோவார்.

வீட்டுப் பெண்கள் கடையில் உட்காரலாகாது என்பது இராமசுப்புவின் தந்தையார் தூத்துக்குடியிலிருந்து வந்து கடை வைத்தபோது வகுத்த விதி. காரியம் இருந்தால் வரலாம். முடிந்ததும் மேலே போய்விட வேண்டும். தந்தையார் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. விதியை எவரும் எடுத்துச் சொல்வதில்லை, மீறுவதும் இல்லை. ஃபிளாப்பியோ மிக மெதுவாக வேலை செய்யும். ஆகவே, அது முனகி முடிக்கும் வரை கனி அங்கிருந்த பெரிய கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருப்பது காரியத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

இவ்வாறு ஒழுங்காக நடந்துவந்த ஏற்பாட்டில் கனியின் முழங்கால் குறுக்கிட்டது.

"இன்னாக்கா, தேரு அசைஞ்சினு வர்ற மாதிரி வர்ற?" என்று கேட்டார் மீன் விற்கும் கன்னியம்மா. காலையில் ஏலத்தில் எடுத்த மீனை மேல்மாடிக்குக் கொண்டுபோய் ஆய்ந்து கொடுத்துவிட்டு, வலை தைக்க நூல் வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம்.

"மூட்டு பேசுது கன்னியம்மா" என்றார் கனி, சுவரைப் பிடித்தபடி. "நான் ஒரு படி இறங்குனா அது ரெண்டு வார்த்தை பேசுது."

"டாக்டரு என்ன சொன்னாருன்னு அதையும் சொல்லு" என்றார் இராமசுப்பு கல்லாவிலிருந்து.

மருத்துவர் சொன்னது இதுதான்: படி ஏறி இறங்குவதை உடனே குறைக்க வேண்டும், இல்லையேல் அறுவைச் சிகிச்சை. இதைக் கேட்ட நாள் முதல் இராமசுப்புவுக்கு உறக்கம் சரியாக இல்லை. படிக்கட்டில் கனியின் காலடி கேட்கும்போதெல்லாம் அவருடைய கை எண்ணிக்கொண்டிருந்த நோட்டுகளை மறந்து நின்றது.

"பீம்ராவு போய் அந்த ஃபிளாப்பிய வாங்கிட்டு வரட்டும்னா கேக்க மாட்டேங்கா" என்றார்.

"அவன் கையில எப்பவும் தார் இருக்கும். ஃபிளாப்பில பட்டா மொத்தக் கணக்கும் போச்சு" என்றார் கனி.

பீம்ராவ் தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "இன்னாக்கா இப்டி சொல்லிட்ட? இப்பதான் சோப்பு போட்டுக் கழுவுனேன்."

"அப்போ கணக்கையே விட்டுடு. வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார் இராமசுப்பு.

மறுநாள் காலையில் அவருக்கு உப்பில்லாத உப்புமா வந்தது. அத்துடன் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அடுத்த தெருவில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஜஹாங்கீர்தான் வழி சொன்னார்.

"இத்துக்குப் போயி இவ்ளோ பேஜாரா? மேல இருக்கற மிஷினுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு, கீழ இருக்கறதுக்கு ஒரு கார்டு, நடுவுல ஒரு வயரு. பில்லு தானா மேல பூடும். அக்கா உட்கார்ந்த எடத்துலயே உட்கார்ந்துகினு இருக்கலாம். நான் வந்து மாட்டித் தர்றேன் அண்ணாச்சி."

"மாட்ட வேண்டாம் பாய். வாயாலச் சொல்லும், போதும். மாட்டுறது நான்."

"அது ஃபேன் இல்ல அண்ணாச்சி."

"ஃபேனையும் இப்படித்தான் சொன்னாங்க."

அந்த மின்விசிறி சுவிட்சைப் போட்டதும் இரண்டு முறை பின்னோக்கிச் சுழன்ற பின்னரே முன்னோக்கிச் சுழலும் என்பதை ஜஹாங்கீர் அறிவார். எனினும் நட்பைக் கருதித் தலையாட்டிவைத்தார்.

கார்டுகள், கணிப்பொறிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவிலிருந்து வந்து சேர்ந்தன. மேல்மாடிக் கணிப்பொறியின் பெட்டியையும் இராமசுப்பு கடை திறக்குமுன் தாமே இறக்கிவந்து கல்லா மேசைமேல் வைத்தார். கீழ்க் கணிப்பொறியைத் திறந்தபோது உள்ளே பல ஆண்டுகளாகக் காற்றில் பறந்த தேங்காய் நார் குருவிக் கூடு போல் அடர்ந்திருந்தது. அதை அள்ளி எடுத்து, பின்புறத் தகட்டைக் கழற்றி, கார்டு செருகவேண்டிய பள்ளத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று மேலிருந்து கனியின் குரல் வந்தது. அதைத் தொடர்ந்து கனியும் வந்தார். கையில் சந்தனக் கிண்ணம். "புதுப் பொருளு வீட்டுக்குள்ள வருது. வெறுமனயா மாட்டுவீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. கனி இரண்டு கார்டுகளுக்கும் சந்தனமிட்டு, குங்குமம் வைத்தார். கார்டின் அடிப்பக்கத்தில் பொன்னிறத்தில் மின்னிய பற்களைக் கண்டு, "தங்கமால்ல இருக்கு, இங்கதான் வைக்கணும்" என்று அங்கேயே தாராளமாகத் தீற்றினார்.

கார்டு உள்ளே சென்றது. கணிப்பொறி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இராமசுப்பு கார்டைக் கழற்றாமல், கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு எழுந்து நின்று அழுத்தினார். இம்முறை பக்கத்திலிருந்த வேறொன்று பிடி கழன்று எகிறியது. திரை இருண்டது. கணிப்பொறி விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது.

ஜஹாங்கீர் வரவழைக்கப்பட்டார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதிக்கப்பட்டார். அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, கார்டுக்குப் பூ முடிச்சுட்டீங்களா?"

"ஏன், என்ன?"

"சந்தனம் காய்ஞ்சு பல்லுல ஒட்டிக்கினு கீது. பல்லு வெளக்காத வாய்க்கு யாரு சோறு போடுவா? ரப்பர் வச்சு நல்லாத் தேயி. எகிறுன மெமரியைத் திரும்ப அமுக்கு. ஐயோ, அது இல்ல, பக்கத்துல. கையக் கட்டினு பாக்க முடியலையே நைனா!"

ஒருவழியாகப் பற்கள் துலங்கின. கணிப்பொறி தன்னுள் புதுப் பொருள் ஒன்று வந்திருப்பதைக் கண்டறிந்துவிட்டதாகத் திரையில் அறிவித்தது. கடையில் இருந்த அனைவரும் ஆரவாரித்தனர். அடுத்து, கார்டுடன் வந்த ஃபிளாப்பியை உள்ளே போடுமாறு கேட்டது.

அந்த ஃபிளாப்பியைக் காணவில்லை.

"வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்துச்சே, அதுவா?" என்றார் கனி படிக்கட்டிலிருந்து. "நேத்தே நம்ம ஃபிளாப்பின்னு நெனச்சு, அழிச்சுட்டுக் கணக்கை ஏத்திட்டேனே!"

"பரவால்ல, பரவால்ல" என்றார் இராமசுப்பு. பி.காம். படித்தவரைக் கடிந்து பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஜஹாங்கீர் தம் சென்டருக்குப் போய், இணையத்திலிருந்து அதன் நகலை இறக்கி எடுத்துவந்தார்.

அடுத்தது வயர். மற்றக் கார்டையும் மாட்டி, மேல்மாடிக் கணிப்பொறியின் பெட்டியை மீண்டும் மேலே கொண்டுபோய் வைத்தாயிற்று. வயரைப் படிக்கட்டு ஓரமாகக் கட்டும் பொறுப்பைப் பீம்ராவ் ஏற்றார். அவர் சிறு வயது முதல் படகு கட்டிப் பழகியவர். புயலடித்தாலும் அவிழாத முடிச்சுகளாகப் பார்த்துப் போட்டு, வயரை வீணைத் தந்தி போல இழுத்து நிறுத்தினார். தட்டினால் நாதம் வந்தது. செய்திதான் வரவில்லை.

"உள்ள கம்பி பூரா அறுந்து கீது" என்றார் ஜஹாங்கீர், தடவிப் பார்த்து. "ஏம்ப்பா, நீ கட்டுனது வயரா, கப்பலா?"

"லூசா கட்டுனா வுழுந்துடும்ல பாய்?"

"வுழுந்தா எடுத்து மாட்டலாம். செத்தா இன்னா பண்றது?"

புது வயர் வந்தது. இம்முறை தளர்வாகக் கட்டப்பட்டது. அப்பொழுதும் இரு கணிப்பொறிகளும் ஒன்றை ஒன்று அறியாதனவாகவே இருந்தன.

"ரெண்டுக்கும் நம்பர் குடுக்கணும் அண்ணாச்சி. அதான் அட்ரஸு. அட்ரஸ் இல்லாங்காட்டி பில்லு எங்க போயி சேரும்?" என்று சொல்லி, புள்ளிகள் இடையிட்ட நீண்ட எண் ஒன்றைக் காட்டிவிட்டு ஜஹாங்கீர் தம் வேலைக்குப் போனார். சிறிது நேரத்தில் அவருடைய சென்டரில் தொலைபேசி அழைத்தது.

"பாய், வேற எவனோ நம்ம நம்பரை வச்சிருக்கான்னு சண்டை போடுது."

"கீழ இன்னா நம்பர் போட்ட?"

இராமசுப்பு சொன்னார்.

"மேல?"

கீழிருந்தே கூவிக் கனியைப் போடவைத்த அதே எண்ணைச் சொன்னார்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பரா?"

"ஒரே வீடு. ஒரே கதவு நம்பர். அதுல என்ன தப்பு?"

"கடைசி நம்பர மட்டும் மாத்து."

"அது எப்படி பாய்?" என்றார் இராமசுப்பு. குரல் சற்றே இறங்கியது. "ஊர்ல எங்க பெரியப்பா பாகம் பிரிச்சு, நடுவுல சுவரு எழுப்புன அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்கு ரெண்டாவது நம்பர் வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. என் கையால நானே ரெண்டாக்கணுமா?"

ஜஹாங்கீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை தொலைபேசியில் கேட்டது.

"அண்ணாச்சி, உனக்கும் அக்காவுக்கும் ஒரே பேரா வச்சுக் கீறாங்க? வேற வேற பேருதான? அதுக்காகப் பிரிஞ்சா பூட்டீங்க? பேரு வேற வேறயா இருந்தாத்தான ஒருத்தர ஒருத்தர் கூப்புட முடியும்?"

அன்று கடை அடைத்ததும் இராமசுப்பு கீழே கடைசி எண்ணை இரண்டாக்கிவிட்டு, மேலே சென்று அங்கே ஒன்றாக்கினார். கனி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டா?"

"கணக்குப் பாக்குறவ நீதானே?"

கனி முந்தானையால் திரையிலிருந்த தூசியைத் துடைத்தார். தூசி போன பின்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் இனிமே கீழ இறங்க வேண்டியதே இல்லை. அப்படித்தானே?"

"ஒரு படிகூட இறங்க வேண்டாம்!" என்றார் இராமசுப்பு, வெற்றி பெற்றவராக.

மறுநாள் காலையில் முதல் பில் வயர் வழியாக மேலே போயிற்று.

"வந்துச்சா?" என்று இராமசுப்பு படிக்கட்டை நோக்கிக் கூவினார்.

"வந்துருச்சு."

"முழுசா வந்துச்சா?"

"வந்துருச்சுங்கிறேன்ல!"

பீம்ராவ் கைதட்டினார். ஜஹாங்கீருக்குத் தேநீரும் சமோசாவும் போயின. அன்று முழுவதும் படிக்கட்டில் காலடியோசை எழவில்லை. கயிற்றுச் சுருளின்மேல் பீம்ராவின் சாப்பாட்டுப் பெட்டி வீற்றிருந்தது. பிற்பகலில் இராமசுப்புவுக்கு உள்ளுக்குள் ஏதோ குறைவது போல் இருந்தது. பசி என்று முடிவு செய்து பஜ்ஜி வரவழைத்துச் சாப்பிட்டார். குறை தீரவில்லை. இன்னொரு தட்டு வரவழைத்தார்.

அடுத்த நாள் முற்பகலில் வயர் வேலை செய்யவில்லை.

"மேல பிளக்கு கழண்டு கிடக்குங்க" என்று கனி குரல் கொடுத்தார். "மாட்டிப் பாத்தேன், சரியா வரலை. பில்லு அவசரமாச்சே, நானே வாரேன்." ஃபிளாப்பியுடன் இறங்கிவந்து, சாப்பாட்டுப் பெட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கல்லாவை விட்டு எழ முடியாத இராமசுப்பு, கடை அடைத்த பின் மேலே போய் மாட்டினார். உடனே வேலை செய்தது. அதற்கடுத்த நாள் முற்பகலில் மீண்டும் அதே கதை.

"லாரி" என்றார் பீம்ராவ். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளால் அந்தக் கட்டடம் நாள் முழுவதும் நடுங்கியவண்ணம் இருக்கும் என்பது உண்மைதான். "அதிர்வுல பிளக்கு தானா நவுந்து வந்துடுது அண்ணாச்சி."

அதிர்வைத் தாங்க, மேல்மாடி மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் வலைக்குக் கட்டும் ரப்பர் மிதவைகளை இராமசுப்பு வைத்தார். மேசை படகு போல் ஆடத் தொடங்கியது. ஒரு விசையைத் தட்டினால் கணிப்பொறி இந்தப் பக்கம் சாய்ந்தது. மறு விசையைத் தட்டினால் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"கணக்குப் போட்டா வாந்தி வருதுங்க" என்று சொல்லிக்கொண்டு கனி ஃபிளாப்பியுடன் வந்தார். அன்றும் பிளக் கழன்றுதான் கிடந்தது.

மிதவைகள் அகற்றப்பட்டன.

"ஒருவேளை எலியா இருக்குமோ?" என்றார் கனி சிந்தனையுடன்.

எலிப்பொறி வாங்கி, வாளைக் கருவாட்டுத் துண்டு ஒன்றை அதில் மாட்டி வைத்தார்கள். எலி வரவில்லை; கருவாட்டின் மணத்துக்கு இராயபுரத்துப் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பிறகு தன் உறவினரை அழைத்துவந்தது. கணிப்பொறியின் மேற்பகுதி கதகதப்பாக இருப்பதைக் கண்டு ஒரு கடுவன் பூனை அங்கேயே குடிபுகுந்தது. அதை விரட்டக் கோல் எடுக்கவும், விரட்டியதைச் சொல்லவும் கனி முன்னிலும் அதிகமாகப் படியிறங்க வேண்டியதாயிற்று.

"வயரு இல்லாதப்ப நாலு தபா எறங்குன" என்றார் கன்னியம்மா, சுருளில் கனியின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு. "வயரு போட்ட பெறவு எட்டுத் தபா எறங்கற. நல்லா கீதுக்கா உங்க மிஷினு!"

கனி சிரித்தார். கன்னியம்மா அதைவிட அதிகமாகச் சிரித்தார். ஏலத்தில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்னும் செய்தியை நடித்துக்காட்டினார். இராமசுப்புவும் தம்மை மறந்து அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே முழங்காலின் நினைவு வந்து முகத்தை மாற்றிக்கொண்டார்.

இப்பொழுது அவர் பூனையையே குற்றவாளியாகக் கொண்டார். பிளக் கழலாதிருக்க, அதைக் கணிப்பொறியின் பின்பக்கத்தோடு சேர்த்து நைலான் வலை நூலால் இறுகக் கட்டினார். முடிச்சைப் பீம்ராவிடம் கேட்டு, அவர் சொல்லிக்கொடுத்தவாறே போட்டார். மறுநாள் முற்பகலில் வயர் மீண்டும் உயிரிழந்தது. மாலையில் மேலே போய்ப் பார்த்தபோது, நூல் அறுபடவில்லை, கடிபடவும் இல்லை. அழகாகச் சுருட்டி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது.

"பூனைக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் பீம்ராவ்.

"துறைமுகத்துப் பூனைடா. எத்தனை வலையைப் பார்த்திருக்கும்!" என்றார் இராமசுப்பு. சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கே அதில் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. கார்டின்மீதும் ஐயம் கொண்டு, வேறு புதுக் கார்டு வாங்கி மாற்றினார். ஊறுகாய்ப் புட்டிக்கு இரண்டு திருகாணிகள் கிடைத்தன. வேறு பயன் ஒன்றும் விளையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முற்பகலில் படிக்கட்டில் காலடியோசை கேட்டது. பிறகு நின்றது. பிறகு "அம்மா" என்று மெல்லிய குரல் கேட்டது.

இராமசுப்பு கல்லாவைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார். அவர் ஓடிப் பீம்ராவ் பார்த்தது அதுவே முதல் முறை. நடுப்படியில் கனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஃபிளாப்பி மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

"விழுந்துட்டியா?"

"விழலைங்க. சும்மா மடங்கிடுச்சு. நீங்க போங்க, கல்லா தெறந்து கெடக்கு."

"கல்லா கெடக்கட்டும்."

கைத்தாங்கலாக அவரை மேலே கொண்டுபோய்க் கட்டிலில் உட்காரவைத்து, தைலம் தேய்த்துவிட்டார். மகள் சுஜா மணமாகி மும்பைக்குப் போன பின் அந்த வீட்டில் பகற்பொழுது எப்படி இருக்கும் என்று அவர் அறிந்ததில்லை. பகலில் மேலே வந்தால்தானே அறிய முடியும்? சுவர்க் கடிகாரத்தின் ஓசை இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவர் எண்ணியதே இல்லை. கூவிப் பேசினாலன்றிக் கடையின் சத்தம் ஒன்றும் அங்கே எட்டாது. அவர் அதைப் பற்றி மேலும் எண்ணாமல், சினத்துடன் கீழே இறங்கி ஜஹாங்கீரை வரச் சொன்னார்.

"பாய், இது போதும். வயரை இரும்புப் பைப்புக்குள்ள விட்டு, சுவத்தோட சேத்துப் பூசப்போறேன்."

"பைப்பு போட்டாலும் மேல முனை வெளியதான இருக்கும் அண்ணாச்சி? அத்தத் தான பூனை இழுக்குது?"

"அதுக்கும் யோசிச்சுட்டேன். மேல கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒரு இரும்புப் பொட்டி. பிளக்கு அதுக்குள்ள. பொட்டிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. எந்தப் பூனை வந்து திறக்குதுன்னு பாக்குதேன். இனிமே அவ ஒரு படி இறங்கக் கூடாது பாய். அவ காலு எனக்கு வேணும்."

ஜஹாங்கீர் வேறு பக்கம் பார்த்தார். பீம்ராவ் மூக்கை உறிஞ்சினார்.

நூல் வாங்க வந்து, கயிற்றுச் சுருளின்மேல் தனியாக உட்கார்ந்திருந்த கன்னியம்மா பெருமூச்சு விட்டுக் கூடையைத் தலையிலேற்றிக்கொண்டு எழுந்தார்.

"பொட்டி வைய்யி, பூட்டுப் போடு, இன்னா வேணா பண்ணு அண்ணாச்சி. ஆனா சாவியக் கொண்டுபோயி அக்காகிட்டதான குடுப்ப? நீ கல்லாவுல உட்கார்ந்ததும் தெனம் அந்த வயரப் புடுங்கி வுடறதே அக்காதான்."

கன்னியம்மா போய்விட்டார். ஒரு கன்டெய்னர் லாரி கடந்து சென்றது. கட்டடம் நடுங்கி அடங்கியது. சந்தனம், வெள்ளைச் சீட்டு ஒட்டிய ஃபிளாப்பி, சுருட்டி வைத்த நைலான் நூல் எல்லாம் இராமசுப்புவின் மனத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக, மேல்மாடிச் சுவர்க் கடிகாரத்தின் ஓசையும் வந்தது.

இராமசுப்பு எழுந்தார். கயிற்றுச் சுருளைக் காலால் தள்ளிக் கல்லாவுக்கு அருகில் இடம் உண்டாக்கினார். இடம் போதுமா என்று கைகளை விரித்து அளந்து பார்த்தார்.

"பீம்ராவு, மேல இருக்கிற கம்ப்யூட்டரு, மேசை, நாற்காலி எல்லாத்தையும் இங்க இறக்கணும். காலையில ஒரு தரம் இறங்கி, சாயங்காலம் ஒரு தரம் ஏறுனா போதும். கனி இனிமே இங்கதான் உக்காருவா."

"அப்போ அந்த வயரு அண்ணாச்சி?"

"ரெண்டு முழம் வெட்டி எடுத்துக்க. அது போதும்."